பொன்னுக்குப் பிறகு

காக்காய்ப்பொன் என்றால் சிரிக்கிறாள் தோ ஹேரின்.
காக்கைக்கு எதற்குப் பொன்?
அவள் மொழியில் அது உன்மோ,
மேகத்தின் தாய்.
எந்தப் பெயரில் வந்து இறங்கினாலும்
மூட்டையைப் பிரித்தால் சாம்பல் நிற மாவு,
முதலில் ஒரு தும்மல்.

ஈரச் சல்லடையில் மூன்று முறை அலசுகிறாள்.
தகடு பெரிதானால் இமையில் கல்யாண ஜிகினா,
பொடிந்துபோனால் பட்டின் மங்கல்.
தலைமுடியின் அகலத்தில் கால் பங்கு
அவளுக்கு வேண்டியது.
மற்றதெல்லாம் சாக்கடைக்கு,
சாக்கடை மட்டும் அந்தத் தொழிற்பேட்டையில்
எப்போதும் அலங்காரமாய் ஓடும்.

உம்சோங், பிப்ரவரி, இரவு பத்தே முக்கால்.
வெளியே பனி, உலையில் எழுபத்தைந்து பாகை.
ஒரு குழாயில் டைட்டானியக் கரைசல்
சொட்டு
சொட்டு
இன்னொன்றில் காரம், புளிப்பு ஏறிவிடாமல்.
ஆறும் பாலில் ஏடு கட்டுவதுபோல
ஒவ்வொரு தகட்டின் மேலும் ஒரு வெள்ளை படிகிறது,
வெள்ளையின் மேல் வெள்ளை.
சாயம் என்று ஒரு சிட்டிகைகூட அவள் போடவில்லை.
ஏடு தடிக்கத் தடிக்க
நிறத்தை ஒளியே தீர்மானித்துக்கொள்ளும்:
வெள்ளி, பொன், செம்பு, ஊதா, நீலம், பச்சை.
ரயில் நிலையங்கள்போல வரிசை மாறாது.
திரும்பி வரும் வண்டிதான் கிடையாது.

இன்று பொன்னில் இறங்க வேண்டும்.
முப்பது முறை தவறியாயிற்று,
சியோல்காரர்களுக்கு வசந்தத்துக்குள் வேண்டுமாம்.

பத்து நிமிடத்துக்கு ஒரு துளி எடுத்து
பாதி கறுப்பு, பாதி வெள்ளை அட்டையில் இழுக்கிறாள்.
பதினொன்று நாற்பது:
கறுப்பில் பொன் தலைகாட்டியது.
வெள்ளையில் அதே பொன் லேசான நீலம்.
இன்னும் கொஞ்சம். முற்றட்டும்.

அப்போதுதான் தங்கையின் அழைப்பு.
பம்பின் இரைச்சலில் ஒன்றும் கேட்காமல்
தாழ்வாரத்துக்கு வந்தாள்.
"அந்த வீட்டை விட்டு வந்துட்டேன் அக்கா.
பேருந்து நிலையத்துல நிக்கிறேன்.
அப்பாகிட்ட சொல்லாதே."
கோட்டு போட்டிருக்கியா?
கையில் காசு?
அடுத்த வண்டி எப்போ?
அடித்தானா என்று கேட்க
எவ்வளவு நேரம் எடுத்தது என்று
கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஓடிப்போய் வால்வை மூடினாள்.
அட்டையில் பொன் இல்லை.
செம்பையும் தாண்டி
கன்றிப்போன தோலின் ஊதா.
ஏழு கிலோ.
படிந்ததை உரித்தெடுக்க
எந்த வேதியியலும் அவளுக்குத் தெரியாது.

ஆனாலும் வடிகட்டினாள், கழுவினாள்,
எண்ணூறு பாகைச் சூளையில் வைத்தாள்.
அரைகுறையாய் விட்டுப்போக மனசில்லை,
வேறு காரணம் எதுவும் இல்லை.

காலை பத்துக்கு விற்பனைப் பிரிவின் பியோன் கிதே வந்து
மணிக்கட்டில் தேய்த்து ஜன்னல் பக்கம் திருப்பினான்.
"அழுதுட்டு வந்த கண்ணுல போட்ட மாதிரி இருக்கு.
இதை யார் காசு குடுத்து வாங்குவா?"
மூடியில் அவளே எழுதினாள்:
முப்பத்தொன்று. பொன் தவறியது.

வாயிற்காவலர் அறையில்
ஒரு பையை மடியில் வைத்தபடி
மியோங்கா உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தாள்.
எழுப்பினாள். பேசவில்லை.
பேருந்தில் அக்காவின் புறங்கையைப் பிடித்து
"என்ன இது" என்றாள்.
தன் விரலில் தொட்டெடுத்து
அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்,
கறுப்புக் கையுறையின் மேல் ஊதா,
வெறும் தோலில் பச்சையா மஞ்சளா
சொல்லத் தெரியாத ஒன்று.
"பேர் வச்சிட்டீங்களா?"
"நம்பர்தான்."

சுரங்கப்பாதைக்குள் வண்டி நுழைந்தது.
விளக்குகளில் பாதி எரியவில்லை.
இருவர் கையிலும் வெறும் மாவு.
ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார்,
இன்னும் எண்ணூறு மீட்டர் என்றது பலகை.